சம்பந்திகளுக்கு ஒரே பந்து

ஜனவரி 5, ஞாயிறு

இந்த நோட்டு கோல்ஃப் கோச் சொல்லி வாங்கியது. "எந்தப் பந்து, எத்தனை அடி, எங்க போய் விழுந்துச்சு, எல்லாத்தையும் எழுதுங்க சார். உண்மைய மட்டும் எழுதுங்க. ஆறு வருசமா இருபத்து நாலு ஹேண்டிகேப்புலயே நின்னுட்டிருக்கீங்க" என்றார். ஆட்டம் சுமாரானவனுக்குக் கணக்கில் கழித்துத் தரும் சலுகை அடிகள்தான் ஹேண்டிகேப்; குறைந்தால்தான் பெருமை.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நான் பம்ப் தொழிற்சாலை நடத்துபவன். எத்தனை அடிக்குத் தண்ணீர் ஏற்றும் என்று சோதிக்காமல் ஒரு மோட்டாரைக்கூட வெளியே அனுப்பியதில்லை. ஆனால் ஆறு வருடமாக என்ன பந்தில் ஆடுகிறேன் என்று சோதித்ததே கிடையாது. மட்டைப் பையைச் சுமந்து வரும் கேடி மாரப்பன் தருவதை வாங்கிக்கொள்கிறேன். மைதானத்தின் பதினெட்டு ஹோலில், அதாவது குழியில், பதினாறாவதுக்குப் போகும் வழியில் ஒரு குளம் இருக்கிறது. மத்தியானம் ஆள் நடமாட்டம் இல்லாதபோது மாரப்பன் அதில் இறங்கி, மூழ்கிக் கிடக்கும் பந்துகளைக் காலால் தடவி எடுத்து, துணி சோப்பு போட்டுக் கழுவித் தருவார். அவருக்கு என் வயதுதான் இருக்கும். கழுத்தளவுத் தண்ணீரில் நிற்கும்போது என்னைவிட நிம்மதியாகத் தெரிவார்.

நாளை முதல் விஞ்ஞான முறை. இன்று பதினெட்டு ஹோலுக்கும் சேர்த்து மட்டையால் 112 அடி. குளத்தில் இரண்டு பந்து.

புதன்கிழமை பொள்ளாச்சியிலிருந்து என் மகள் மிருதுளாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். அது இந்த நோட்டில் எழுத வேண்டிய விஷயம் இல்லை.

ஜனவரி 8, புதன்

வந்தார்கள். பையன் கிரிதரன், அப்பா வெள்ளியங்கிரி, அம்மா ருக்மணி. தென்னை நார் ஏற்றுமதி. பையனும் மிருதுளாவும் மாடியில் முக்கால் மணி நேரம் பேசினார்கள். இறங்கி வந்தபோது மிருதுளா என்னைப் பார்க்காமல் நேராக அவள் அம்மாவிடம் போனாள். முடிவு தெரிந்துவிட்டது.

வெள்ளியங்கிரி எங்கள் ஆவாரங்காடு கிளப்பில்தான் உறுப்பினர் என்று அப்போதுதான் தெரிந்தது. அவர் சனிக்கிழமை ஆள். நான் செவ்வாயும் ஞாயிறும். பார்த்துக்கொண்டதே இல்லை.

"நீங்க என்ன பந்துங்க ஆடறீங்க?" என்று கேட்டார்.

டிவியில் சாம்பியன்கள் ஆடும் அந்த மூன்றடுக்குப் பந்தின் பெயரைச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. பெண்ணைப் பெற்றவன் குளத்துப் பந்தில் ஆடுகிறேன் என்று முதல் நாளே எப்படிச் சொல்வது?

"நானும் அதேதானுங்க. வேற பந்து கைக்கே ஒட்டறதில்ல" என்றார்.

பெரிய ஆட்டக்காரர் போலிருக்கிறது. பேச்சைத் தென்னை நார் பக்கம் திருப்பினேன்.

சும்மா கவனித்தது: தண்ணீர் வேண்டும் என்றபோது மனைவியைக் கூப்பிடாமல் அவரே எழுந்து போய் ஊற்றிக்கொண்டார். ஆனால் நம் வீட்டில் என்பதால் அப்படிச் செய்திருக்கலாம். ஒரு தடவை பார்த்து முடிவுக்கு வரக் கூடாது.

ஜனவரி 12, ஞாயிறு

உப்புத் தண்ணீர்ச் சோதனை. பந்து வெறும் தண்ணீரில் மூழ்கும். உப்பைக் கரைத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் மிதக்கும். அப்போது சுண்டிவிட்டால், எந்தப் பக்கம் கனமோ அந்தப் பக்கம் அடியில் போய் நிற்கும். எந்தப் பக்கமும் நிற்காமல் சும்மா சுற்றினால் அது சுத்தமான பந்து. பதினோரு பந்து சோதித்தேன். இரண்டரைக் கிலோ உப்பு.

பூங்கோதை அடுப்படிக்கு வந்து பார்த்தாள். என் மனைவி வீட்டில் எதைப் பார்த்தாலும் முதலில் பாத்திரத்தைத்தான் பார்ப்பாள்.

"ஏனுங்க, நிச்சயத்துக்கு வர்றவங்களுக்குப் பாயசம் வெக்க எடுத்து வெச்ச போசியில என்னத்தப் போட்டு ஊற வெச்சிருக்கீங்க?"

"ஊறவெக்கல. சமநிலை பாக்கறேன்."

"உங்க சமநிலைய முதல்ல பாருங்க."

முடிவு: பதினொன்றில் ஒன்றுதான் தேறியது. மாரப்பன் தந்த பழைய பந்து. அதன் மேல் யாரோ அடையாளத்துக்காகச் சிவப்பு மையில் புள்ளி வைத்திருக்கிறார்கள். நானும் என் பந்துகளில் பச்சைப் புள்ளி வைப்பதுண்டு. மாரப்பன் தரும் டஜனில் பாதிக்கு மேல் இந்தச் சிவப்புப் புள்ளிதான் இருக்கும். யாரோ ஒரு பாவப்பட்ட மனிதர் வாரா வாரம் குளத்துக்குப் படையல் போட்டுக்கொண்டிருக்கிறார். நானாவது இரண்டோடு நிறுத்துகிறேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். ஆட்டம் இல்லை. பாயசப் போசியில் இன்னும் உப்புக் கரிக்கிறதாம்.

ஜனவரி 19, ஞாயிறு

நிச்சயம் நல்லபடியாக முடிந்தது. மாப்பிள்ளை வீட்டார் பதினைந்து தட்டு வைத்தார்கள். வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம், மஞ்சள், பட்டுப்புடவை, பூ. பதினைந்தாவது தட்டில், சாமந்திப் பூவுக்கு நடுவில், இரண்டு டஜன் கோல்ஃப் பந்து. நான் சொன்ன அதே மூன்றடுக்குப் பந்து. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் 'மிருதுளா', நேர் எதிர்ப்பக்கம் 'கிரிதரன்' என்று தங்க எழுத்தில் அச்சடித்திருந்தார்கள்.

"நம்ம ரெண்டு பேரும் ஆடற பந்தாச்சேன்னு சொல்லி அடிக்க வெச்சேனுங்க" என்றார் சம்பந்தி. எங்கள் பக்கத்துச் சொந்தங்கள் அது ஏதோ வடநாட்டு இனிப்பு என்று நினைத்து அடிக்கடி தட்டின் பக்கம் போய்வந்தார்கள். என் ஒன்றுவிட்ட சித்தப்பா ஒன்றை முகர்ந்தே பார்த்துவிட்டார்.

இன்னும் இருக்கிறது. கிளப்பின் வருடாந்திர ஃபோர்சம்ஸ் போட்டிக்கு எங்கள் இருவர் பெயரையும் அவரே கொடுத்துவிட்டாராம். பிப்ரவரி 9. ஃபோர்சம்ஸ் என்றால் கூட்டாளிகள் இருவருக்கும் சேர்த்து ஒரே பந்து. ஒருவர் ஒரு அடி, அடுத்தவர் அடுத்த அடி, கடைசி வரை மாறி மாறி.

அதாவது, நான் எப்படிப்பட்ட ஆட்டக்காரன் என்பது கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்பு சபையில் தெரிந்துவிடும்.

மிருதுளா மஞ்சள் புடவையில் உட்கார்ந்திருந்தாள். நன்றாக இருந்தது. ஆனால் இது கோல்ஃப் நோட்டு.

ஜனவரி 21, செவ்வாய்

அச்சடித்த பந்தில் முதல் பயிற்சி. வீட்டிலிருந்து கிளம்பும்போது பூங்கோதை வாசலில் நின்றுகொண்டாள்.

"அந்தப் பந்து குளத்துல கிளத்துல போயிரப் போகுது."

"போனா என்ன, இன்னும் இருபத்து மூணு இருக்குது."

"ஏனுங்க, புள்ளைங்க பேரு போட்டிருக்குது. கல்யாணத்துக்கு முன்னால ரெண்டு பேரையும் தண்ணியில கொண்டு போய் முக்குவீங்களா?"

எனக்கு இந்தச் சகுனம் எல்லாம் கிடையாது. படித்தவன். இருந்தாலும் பதினாறாம் ஹோலுக்குப் போகாமல் பதினைந்தோடு திரும்பிவிட்டேன். வெயில் அதிகம்.

ஜனவரி 26, ஞாயிறு

புதிய சிக்கல். டீயில், அதாவது முதல் அடிக்குப் பந்தை ஏற்றி வைக்கும் குச்சியில், பந்தை வைத்தேன். ஒரு பெயர் முன்னால் பார்த்தால் மற்றது மட்டைக்கு நேரே வருகிறது. மிருதுளாவை முன்னால் வைத்தால் அடி மாப்பிள்ளை பெயரில் விழும். மாப்பிள்ளையை அடிக்கலாமா? யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள்? பக்கவாட்டில் வைத்தால் இரண்டு பெயரும் பாதிப் பாதி அடிபடும், அது இன்னும் மோசம்.

ஐந்து நிமிடம் யோசித்தேன். பின்னால் காத்திருந்தவர்கள் கனைத்தார்கள். கடைசியில் மிருதுளா பெயர் மட்டைக்கு நேரே வரும்படி வைத்தேன். நம் பிள்ளை, பொறுத்துக்கொள்ளும்.

அடி சரியாக விழவில்லை. கை வழியிலேயே நின்றுவிட்டது. பந்து நாற்பது கஜம் உருண்டது.

இப்படியே, பதினாறை விட்டுவிட்டு, மற்ற எல்லா டீயிலும். 119.

பிப்ரவரி 2, ஞாயிறு

சம்பந்தியோடு முதல் பயிற்சி. ஒருவரையொருவர் முந்தச் சொல்லிச் சொல்லி இருவருமே முந்தவில்லை.

"நீங்க அடிங்க சம்பந்தி."

"ஐயோ, நீங்க மொதல்ல அடிங்க. நாங்க பொண்ணு எடுக்கறவங்க, பணிஞ்சுதான் போகோணும்."

"அப்படிச் சொல்லாதீங்க. குடுக்கறவங்கதான் பணியோணும்."

முதல் டீயிலேயே பத்து நிமிடம். கடைசியில் ஒற்றைப்படை ஹோல் எல்லாம் அவர், இரட்டைப்படை எல்லாம் நான் என்று மாரப்பன் தீர்த்துவைத்தார். எனக்கு அப்போது உறைக்கவில்லை. பதினாறு இரட்டைப்படை.

அவர் ஆட்டம் நான் பயந்த அளவுக்கு இல்லை. மணல் பள்ளத்தில் சிக்கி மூன்று தடவை தோண்டினார். "இந்தப் பந்து இன்னைக்கு என்னமோ பண்ணுதுங்க" என்றார். நான் தலையாட்டினேன். பெருந்தன்மையாக எனக்காக அடக்கி ஆடுகிறார் என்று படுகிறது.

பதினாறாம் ஹோலில் இருவருமே ஒரே நேரத்தில் கடிகாரத்தைப் பார்த்தோம். ஆடாமல் தாண்டி நடந்தோம்.

சும்மா கவனித்தது: மாரப்பன் காலில் முள் குத்தியது. சம்பந்தி புல்லில் உட்கார்ந்து, அவர் காலை மடியில் வைத்து எடுத்துவிட்டார். இதையும் எழுதி வைக்கிறேன். இரண்டு தடவை ஆயிற்று.

பிப்ரவரி 4, செவ்வாய்

இன்று பதினாறாம் ஹோலில் மட்டும் நின்று சோதனை. நூற்று முப்பது கஜம், நடுவில் குளம். பெயர் போட்ட பந்தை எடுக்கவில்லை. கடையில் வாங்கிய புதுப் பந்து பத்து, மாரப்பனின் குளத்துப் பந்து பத்து.

புதுப் பந்து: எட்டு தண்ணீரில்.
குளத்துப் பந்து: ஒன்று தண்ணீரில்.

அதே மட்டை, அதே ஆள். உப்புச் சோதனையில் தேறிய சிவப்புப் புள்ளிப் பந்தைத் தனியாக மூன்று தடவை அடித்தேன்; மூன்று தடவையும் கொடி நட்ட கிரீனின் நடுவில் போய் உட்கார்ந்தது.

முடிவு: புதுப் பந்து அடிக்கும்போதெல்லாம் எதிர்க்காற்று வீசியிருக்க வேண்டும்.

மாரப்பனிடம் காட்டினேன். "காத்தே இல்லீங்களே சார்" என்றார். அவருக்கு விஞ்ஞானம் தெரியாது.

பிப்ரவரி 7, வெள்ளி

கமிட்டி அறிக்கை: முதல் ஹோலில் எந்த வகைப் பந்தோ, பதினெட்டு வரை அதே வகைதான். மாற்றினால் இரண்டு அடி தண்டனை. சம்பந்தி போன் செய்தார். "நமக்கென்னங்க கவலை, எப்பவும் ஆடற பந்துதானே" என்றார். குரல் கொஞ்சம் வறண்டிருந்தது. ஜலதோஷமாக இருக்கலாம்.

மிருதுளா இரவுச் சாப்பாட்டில், "அப்பா, நீங்க சரியா தூங்கறதே இல்லையே, போட்டிய நெனச்சா?" என்று கேட்டாள். போட்டியை நினைத்துத்தான் என்றேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

விவரமாக எழுதுகிறேன்.

காலை ஏழரை. கிளப் வராந்தாவில் பூங்கோதை, ருக்மணி அம்மா, மிருதுளா, மாப்பிள்ளை எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வராந்தா சரியாகப் பதினாறாம் ஹோல் குளத்துக்கு எதிரே இருக்கிறது. கட்டியவனைச் சொல்ல வேண்டும்.

ஆட்டம் எதிர்பார்த்ததைவிட நன்றாகப் போனது. காரணம் நாங்கள் இல்லை. மற்றவர்கள் முந்தின நாள் விருந்தில் அதிகமாகக் கொண்டாடிவிட்டார்கள். எங்கள் ஹேண்டிகேப் இரண்டும் மலை மாதிரி இருப்பதால் அதைக் கழித்தால் நல்ல எண் வந்தது. ஒற்றைப்படை டீயில் சம்பந்தி குனிந்து, பந்தை வைத்து, மெதுவாகத் திருப்பித் திருப்பி, நேரம் எடுத்துச் சரி செய்வார். குறி பார்க்கிறார் என்று நினைத்தேன். என் முறை வந்தபோது நான் ஜனவரி 26-ல் எடுத்த முடிவின்படி வைத்தேன். ஏழு டீயிலும் மனதுக்குள் மிருதுளாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அடித்தேன்.

பதினைந்து முடிந்ததும் கமிட்டிக்காரர் வண்டியில் வந்து, "சார், நீங்க ரெண்டு பேரும் ஒரு அடி முன்னால இருக்கீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அதைச் சொல்லாமல் போயிருக்கலாம்.

பதினாறாம் டீ. என் முறை. குளம் இன்று இரண்டு மடங்கு அகலமாக இருந்தது. எதிரே வராந்தாவில் பூங்கோதை எழுந்து நின்று, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். ருக்மணி அம்மா கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். மிருதுளா கை காட்டினாள்.

பந்தை வைத்தேன். எடுத்தேன். மறுபடி வைத்தேன். கோப்பை பெரிது என்று எனக்குத் தெரியும். ஆறு வருடத்தில் ஒரு டீ கப்கூட ஜெயித்ததில்லை. ஆனால் அந்தப் பெயரை அந்தத் தண்ணீருக்கு மேலாக அடிக்க என்னால் முடியாது. உண்மையை எழுதச் சொன்னார்கள், எழுதுகிறேன். எனக்குப் பயமாக இருந்தது. பந்தைப் பற்றி மட்டும் இல்லை.

பாக்கெட்டில் கை விட்டு அந்தச் சிவப்புப் புள்ளிப் பந்தை எடுத்துக்கொண்டு திரும்பினேன். மன்னிப்புக் கேட்கத்தான். சம்பந்தி எனக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தார். அவர் உள்ளங்கையிலும் ஒரு பழைய பந்து.

"சம்பந்தி, கோவிச்சுக்காதீங்க. இதுல அடிங்க. ரெண்டடி போனாப் போவுது. புள்ளைங்க பேர அதுக்கு மேல..." என்றவர் என் கையைப் பார்த்து நிறுத்தினார்.

நான் அவர் கையைப் பார்த்தேன். அவர் பந்தில் பச்சைப் புள்ளி.

"இது என்ற பந்துங்களே" என்றார் அவர், என் கையைக் காட்டி.

"அது என்னுதுங்க" என்றேன் நான்.

இருவரும் மாரப்பனைப் பார்த்தோம். அவர் தூரத்தில் ஒரு வேப்பமரத்தை வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாரப்பா" என்றார் சம்பந்தி.

"தப்பா நெனைக்காதீங்க சார். உங்க பந்த உங்களுக்கே வித்தா நல்லா இருக்காதுங்க. அதான் சனிக்கெழம விழுந்தத செவ்வாக்கெழமைக்காரருக்கும், செவ்வாக்கெழம விழுந்தத சனிக்கெழமைக்காரருக்கும் குடுக்கறது. ஆறு வருசமா ரெண்டு பேரும் ஒரே பந்துலதான் ஆடறீங்க."

"அப்ப அந்த மூணடுக்கு?" என்றேன்.

சம்பந்தி தலையைச் சொறிந்தார். "நீங்க பெரிய பேரா சொன்னீங்க. மாப்பிள்ளையோட அப்பன் குளத்துப் பந்துல ஆடறேன்னு எப்படிங்க சொல்றது? நிச்சயத்தன்னைக்குத்தான் அந்தப் பந்தவே மொத மொதலாக் கையில தொட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. இருவரும் மட்டையை ஊன்றிக்கொண்டு சிரித்தோம். வராந்தாவில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். வெயிலில் என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்தார்களாம்.

பிறகு எந்தப் பந்து என்பதில் தகராறு. "உங்க பந்துல அடிங்க" என்று அவர், "உங்களுதுதான் சமநிலை சரியா இருக்குது, உப்புத் தண்ணியில பாத்திருக்கேன்" என்று நான். பின்னால் வந்த குழு எங்களைப் பிடித்துவிட்டது. மாரப்பன் இரண்டையும் வாங்கி முதுகுக்குப் பின்னால் மறைத்து, ஒரு கையை மட்டும் நீட்டினார். சிவப்பு.

அடித்தேன். யோசிக்கவே இல்லை. குளத்தைத் தாண்டி, கொடிக்கு ஏழடி தள்ளி விழுந்தது. காற்று இல்லை.

இரண்டு அடி தண்டனையைச் சம்பந்தியே கமிட்டியில் போய்ச் சொன்னார். ஒரு அடியில் கோப்பை போயிற்று. பூங்கோதை எங்கள் இருவருக்கும் கூடுதலாக ஒரு வடை வைத்தாள். அவள் கையால் எனக்குக் கிடைத்த முதல் பரிசு.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். ஆனாலும் காலையில் போனேன். கிளப்பில் யாரும் இல்லை. மாரப்பன் பந்து கழுவிக்கொண்டிருந்தார். போட்டியில் ஆடிய பெயர் போட்ட பந்தை என்னிடம் கொடுத்தார்.

"சார், ஒண்ணு சொல்லலாமுங்களா? ஞாயித்துக்கெழம நீங்க டீயில வெக்கறப்ப, பாப்பா பேருதான் மட்டைக்கு நேரா வந்துது."

"மாப்பிள்ளை பேருல அடிபடக் கூடாதில்லீங்க மாரப்பன்."

"அதுதானுங்க. உங்க சம்பந்தி வெக்கறப்ப, அவரு பையன் பேருதான் மட்டைக்கு நேரா. எட்டு டீயிலயும். பாப்பா பேரு முன்னால பாத்த மாதிரி இருக்குதான்னு குனிஞ்சு குனிஞ்சு பாத்தாரு."

நான் பந்தைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு பக்கத்திலும் தங்க எழுத்து உரிந்திருந்தது. ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அவர்.

"ஏழாவது ஹோல்ல என்கிட்ட கேட்டாரு, 'சம்பந்தி ஏன் பாவம் புள்ளை பேரையே அடிக்கறாரு'ன்னு. மாப்பிள்ளைக்கு மரியாதைங்கன்னேன். அப்பறம், 'நாங்க அப்படிப் பாக்கற ஆளுங்க இல்லீன்னு அவருக்கு எப்படிச் சொல்றது'ன்னாரு."

இன்று ஆடவில்லை. டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன். பந்து மேஜை இழுப்பறையில் இருக்கிறது. பத்து மணிக்கே நன்றாகத் தூக்கம் வந்தது.

பிப்ரவரி 23, ஞாயிறு

கல்யாணம் முடிந்தது. மாரப்பன் வெள்ளை வேட்டியில் வந்திருந்தார். பரிசு, ஜிகினாத் தாள் சுற்றிய ஒரு டஜன் பந்து. ஆறு சிவப்பு, ஆறு பச்சை. பளபளவென்று கழுவியிருந்தார்.

மாலையில் பொள்ளாச்சிக்குக் கிளம்பினார்கள். காரில் ஏறும்போது மிருதுளாவின் புடவைக் கரை கதவுக்கு வெளியே தொங்கியது. யாரும் பார்க்கவில்லை. சம்பந்தி குனிந்து அதை எடுத்து, மடித்து, உள்ளே வைத்து, எதுவும் மாட்டவில்லையே என்று இன்னொரு தடவை பார்த்துவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்தினார். டீயில் பந்தை வைத்தபோதும் இப்படித்தான் குனிந்தார்.

பிறகு என்னிடம் வந்து, "அடுத்த வாரம் செவ்வாக்கெழம நானும் வரட்டுங்களா?" என்றார். வாங்க என்றேன்.

கார் திரும்பிப் போன பிறகு மண்டபத்தின் பின்பக்கம், சமையல்காரர்கள் அண்டா கழுவும் இடத்தில் நின்று அழுதேன். இது கோல்ஃப் நோட்டுதான். ஆனால் கோச் உண்மையை எழுதச் சொல்லியிருக்கிறார்.